முதலில் வேலையைப் பாருங்கள்: பெங்களூரு வடிவமைப்புப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் கலையும் வடிவமைப்பும் கற்றுத்தரும் பல்கலைக்கழகங்களின் கல்விக்குழு உறுப்பினர்களுக்கும், பதிவாளர்களுக்கும், சேர்க்கைப் பிரிவில் பணிபுரிபவர்களுக்கும்,

வணக்கம்.

நான் சுல்தான்பேட்டையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் 26 வருடமாக மெஷின்மேன். வீடு அல்சூர். கல்யாணப் பத்திரிகை, ஊதுவத்தி அட்டைப்பெட்டி, கோயில் திருவிழா நோட்டீஸ் என்று கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாம் என் மெஷினில் ஓடியிருக்கின்றன. உங்கள் மாணவர்களையும் எனக்குத் தெரியும். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்காகப் பத்து, இருபது பிரதி அச்சடிக்க வருவார்கள். கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த நீலம் காகிதத்தில் ஏன் மங்கிப்போனது என்று கேட்பார்கள். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் புள்ளிகளைக் காட்டுவேன். ஆர்வமான பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்லித்தருகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேறு கல்லூரியிலிருந்து நடுவில் மாறி வருகிற பிள்ளைகள் முன்பு படித்ததை நீங்கள் கணக்கில் எடுக்கும் விதம் பற்றி, அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சேர்க்கை அலுவலகத்தில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பேசினேன். கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்காமலே திரும்பி வந்தேன். மனசில் உள்ளதை முழுசாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும். உங்களிலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிள்ளையை இங்கே மாற்றிக்கொண்டுவர நினைக்கிற பெற்றோரும் இதைப் படிக்கட்டும்.

என் அக்கா மகள் 2022இல் தமிழ்நாட்டில் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. சேர்ந்தாள். நான்கு வருடப் படிப்பு. இரண்டு வருடம் நன்றாகவே படித்தாள். 2024 சித்திரையில் அக்கா வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அக்காவையும் பிள்ளைகளையும் அல்சூருக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். படிப்பு நிற்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். விஷுவல் கம்யூனிகேஷனில் அவளுக்கு முன்பே ஒரு கண் இருந்தது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பி.டெஸ். என்கிற வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தோம்.

சேர்வதற்கு முன்பே கேட்டோம். ஒரு முறை நேரில், ஒரு முறை போனில். படித்த இரண்டு வருடம் கணக்கில் வருமா? "கிரெடிட் டிரான்ஸ்ஃபர் உண்டு, சேர்ந்த பிறகு ஈக்விவலன்ஸ் கமிட்டி முடிவு செய்யும்" என்று இரண்டு முறையும் ஒரே பதில். முன்பு படித்த பாடம் இங்கே நடத்தும் பாடத்துக்குச் சமமா என்று பார்க்கிற குழுதான் அந்தக் கமிட்டி. பேங்கில் கல்விக் கடன் போட்டு முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கட்டினோம். முடிவு வரும்வரை முதலாண்டு வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். ஆகஸ்டில் உட்கார்ந்தாள். முடிவு நவம்பர் இரண்டாம் வாரம் வந்தது. ஒரே ஒரு பக்கம்.

அவள் கொண்டுவந்தது 80 கிரெடிட். ஏற்றுக்கொண்டது 14. அந்தப் பதினான்கும் எவை என்றால் ஆங்கிலம் 8, கணினி அடிப்படை 4, சுற்றுச்சூழல் கல்வி 2. வரைதலுக்கு இல்லை. வண்ணத்துக்கு இல்லை. களிமண் வேலைக்கு இல்லை. அச்சுக்கலைக்கு இல்லை. எழுத்து வரைதலுக்கு இல்லை. கலை வரலாற்றுக்கும் இல்லை.

கலை கற்றுத்தரும் ஒரு பல்கலைக்கழகம், ஒரு கலை மாணவியின் இரண்டு வருடத்திலிருந்து கலை இல்லாத பாடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. அந்தக் காகிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு பாடத்துக்கு நேரேயும் காரணம் என்ற கட்டத்தில் "பாடத்தலைப்பு பொருந்தவில்லை" என்று மட்டும் ஆங்கிலத்தில் டைப் ஆகியிருந்தது. எல்லாக் கட்டத்திலும் அதே வாசகம்.

ஒரு கிரெடிட் என்றால் என்ன என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. இந்த ஒன்றரை வருடத்தில் தேடிப் படித்தேன். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டச் சட்டகத்தின்படி, உட்கார்ந்து கேட்கிற பாடத்துக்கு ஒரு செமஸ்டரில் 15 மணி நேரம் ஒரு கிரெடிட். செய்முறைக்கும் ஸ்டுடியோவுக்கும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். வருடத்துக்கு 40, நான்கு வருடத்துக்கு 160. நீங்கள் தள்ளிய 66இல் கலை வரலாறு 6. மீதி 60ம் ஸ்டுடியோ. அறுபதை முப்பதால் பெருக்கினால் 1800 மணி நேரம். பிரஸ்ஸில் எனக்கு ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம். அப்படிப் பார்த்தால் 225 ஷிஃப்ட். அந்தப் பெண் நின்றுகொண்டும் குனிந்துகொண்டும் கையில் மை ஒட்ட வேலை செய்த 225 முழு நாள்.

அந்த நாட்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதே வேலையை அவள் என் வீட்டு அடுப்பங்கரையில் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கமிட்டியில் யாரும் பார்க்காததால் இங்கே எழுதுகிறேன்.

லைனோ ஷீட் என்பது உளியால் செதுக்கி, மை தடவி அச்செடுக்கிற பலகை. அது குளிர்ந்திருந்தால் வெட்டு வராது, விளிம்பு உதிரும். அவள் அதை மொட்டைமாடி வெயிலில் கால் மணி நேரம் வைப்பாள். மழைக்காலத்தில் இட்லிப் பானை மூடி மேல் ஒரு துணி விரித்து அதில் வைப்பாள். பதமானதும் எடுத்து, இடது கையை உளிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தன் உடம்புக்கு வெளியே பார்த்து வெட்டுவாள். அல்சூர் ஏரியையும் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையையும் வைத்து மூன்று நிறத்தில் ஒரு படம் செய்தாள். மூன்றுக்கும் ஒரே பலகைதான். முதலில் வெள்ளையாக நிற்க வேண்டியதை வெட்டி எடுத்துவிட்டு, வெளிர் மஞ்சளில் எல்லாப் பிரதியும் அடித்துவிட வேண்டும். பிறகு மஞ்சளாக நிற்க வேண்டியதையும் வெட்டி எடுத்து, அதே காகிதங்கள் மேல் பச்சை. கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பலகை குறைந்துகொண்டே போகும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதல் வெட்டுக்கு முன்னாலேயே மூன்று நிறத்தையும் மனசுக்குள் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் ஒரு முடி அளவு நகர்ந்தாலும் ரிஜிஸ்டர் அவுட், அதாவது ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காராது. அதற்காகக் காகித ஓரத்தில் இரண்டு ஊசிக்குறி வைத்திருந்தாள். வீட்டில் பிரஸ் ஏது? சாதக் கரண்டியின் முதுகை வைத்து ஒரே சீராகத் தேய்த்தே அச்செடுத்தாள்.

நிறம் பிரிப்பது, எந்த நிறம் முன்னால் எது பின்னால் என்று வரிசை போடுவது, ரிஜிஸ்டர் பிடிப்பது, மையின் கனம் பார்ப்பது. இந்த நான்கையும் வைத்துத்தான் 26 வருடமாக எனக்குச் சம்பளம் வருகிறது. உங்கள் பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர் பிரிண்ட் புரொடக்ஷன். அவள் மதிப்பெண் பட்டியலில் இதற்குப் பெயர் அச்சுக்கலை. பெயர் வேறாக இருந்ததால் 180 மணி நேரம், 6 கிரெடிட், போயிற்று.

எழுத்து விஷயம் இன்னும் வலிக்கிறது. அந்தப் படத்தின் கீழே "பெங்களூரு" என்று தமிழில் வெட்டியிருந்தாள். பலகையில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி வெட்ட வேண்டும். நமக்கு ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு இடதுபக்கம் வரும், பலகையில் அது வலதுபக்கம் போய் உட்காரும். 'ளூ'வின் சுழி எதிர்ப்பக்கம் திரும்பும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரஸ் மூலையில் டிரெடில் என்கிற பழைய அச்சு மெஷின் ஒன்று இருந்தது. அதற்கு எழுத்துக் கோக்கிற கம்பாசிட்டர் பெரியவர் ஒருவர், ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே சரளமாகப் படிப்பார். "எழுத்தைத் திருப்பிப் பார்த்தவனுக்குத்தான் அதன் உடம்பு தெரியும்" என்பார். அக்கா மகள் வெட்டுவதைப் பார்த்தபோது அவர் ஞாபகம் வந்தது. நீங்கள் இரண்டாம் செமஸ்டரில் டைப்போகிராஃபி என்று எழுத்து வடிவமைப்பை நடத்துகிறீர்கள். அவளுடைய எழுத்து வரைதல் பாடத்தை "பொருந்தவில்லை" என்று தள்ளியவர் அவள் வெட்டிய ஒரே ஒரு எழுத்தையாவது பார்த்திருந்தால் அந்த வார்த்தையை டைப் செய்திருக்க மாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

என் குறை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான். யாரும் பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்ட நகலும் மட்டும் கேட்டார்கள். போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவரட்டுமா என்று அவளே கேட்டாள். சேர்க்கைக்குத்தான் போர்ட்ஃபோலியோ, கிரெடிட்டுக்கு வேண்டியதில்லை என்றார்கள். அதாவது உள்ளே வரத் தகுதியானவளா என்று பார்க்க அவள் வேலை வேண்டும். உள்ளே வந்தபின் அவள் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய அவள் வேலை வேண்டாம். இதை எனக்கு யாராவது விளக்கிச் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

நம் நாட்டில் வடிவமைப்புக் கல்வி ஒரு பொருளை உற்றுப் பார்த்ததில்தானே தொடங்கியது? 1958இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதையொட்டித்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் அவர்கள் கொண்டாடிய பொருள் நம் வீட்டுச் சொம்பு. அதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் வைத்தால் எப்படி நிற்கும், நிறைந்திருக்கும்போது கனம் எங்கே இறங்கும், காலியானால் எங்கே போகும், ஊற்றும்போது கைக்கு எப்படி வரும் என்று கேள்வி கேள்வியாகக் கேட்டிருக்கிறார்கள். சொம்பை யார் செய்தார், எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்கவில்லை. உங்கள் வகுப்பறைகளில் இன்றும் இதைச் சொல்லித்தருகிறீர்கள் என்று அக்கா மகள்தான் எனக்குச் சொன்னாள். உங்கள் ஆசிரியர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

கவின்கலை வேறு, வடிவமைப்பு வேறு என்று ஒரு மூத்த ஆசிரியர் பொறுமையாக விளக்கினார். அவர் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. வேறுதான், மறுக்கவில்லை. ஆனால் இடையில் சுவர் இருந்ததாகத் தமிழ் வாசகர் யாரும் சொல்ல மாட்டார். ஓவியர் ஆதிமூலம் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். தமிழ்ப் புத்தக அட்டைகளிலும் சிறுபத்திரிகைத் தலைப்புகளிலும் அவர் போட்ட எழுத்துகள்தான் ஒரு தலைமுறைக்கே தமிழ் எழுத்தைப் புதிதாகக் காட்டின. அவர் தூரிகையில் எழுதினாரா, வடிவமைத்தாரா என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். பிறகு மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்துக்குப் போய் முதுநிலை முடித்து, தமிழ் எழுத்துருவியலில் ஆய்வு செய்தார். 2010 ஜூலையில் அரசு அந்தக் குறியீட்டை ஏற்றுக்கொண்டது. அவர் பட்டம் முடித்துவிட்டுப் போனவர், எங்கள் பெண் நடுவில் மாறியவள். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒரு துறையில் பழகிய கை அடுத்த துறைக்குள் வெறுங்கையாக வருவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கலை வரலாற்றைத் தள்ளியதற்கும் இதே விளக்கம். அவள் படித்தது இந்தியக் கலை வரலாறு, உங்களுடையது வடிவமைப்பு வரலாறு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, அதன் மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவதைப் பற்றி அங்கே 20 பக்கம் எழுதியிருக்கிறாள். அது வடிவமைப்பு வரலாற்றில் சேராது என்றால் எது சேரும்?

சட்டம் உங்களைத் தடுக்கிறதா என்றும் பார்த்தேன். தடுக்கவில்லை. ஏபிசி எனப்படும் கிரெடிட் வங்கிக்கான யுஜிசி விதிமுறைகள் 2021 ஜூலையில் வந்தன. பட்டம் கொடுக்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டாவது படித்திருக்க வேண்டும் என்கின்றன அவை. நான்கு வருடப் படிப்பில் 160க்குப் பாதி 80. ஆக மீதி 80 வரை வெளியிலிருந்து வரலாம். சேமித்த கிரெடிட் ஏழு வருடம் வரை செல்லும். மாணவர் தானே காகிதம் கொடுத்து அந்த வங்கியில் வரவு வைக்க முடியாது, படித்த கல்லூரிதான் ஏற்ற வேண்டும். எங்களுக்கு இரண்டு செமஸ்டர் ஏறியிருந்தது, இரண்டு ஏறவில்லை. அதற்காக நான் பஸ் பிடித்துப் போய் வந்தது தனிக்கதை, அதை இங்கே இழுக்கவில்லை. வங்கி சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். ஏற்பதா வேண்டாமா என்று சொல்கிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் யுஜிசிக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெளிநாட்டில் எப்படி என்று அக்கா மகள் தேடிப் பார்த்தாள். அமெரிக்காவில் பல கலைக் கல்லூரிகளில் மொழி, வரலாறு போன்றவற்றை மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஏற்கிறார்கள். ஸ்டுடியோ பாடங்களை மட்டும் போர்ட்ஃபோலியோவைப் பார்த்தே எந்த நிலையில் உட்காரவைப்பது என்று முடிவு செய்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் பிரஸ்ஸில் புதிதாக ஒரு மெஷின்மேன் வந்தாலும் அப்படித்தான். சர்ட்டிஃபிகேட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஜாப் ஓட்டச் சொல்வோம். செட்டிங் பண்ண எத்தனை ஷீட் வீணாக்குகிறான் என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் ஆள் தெரிந்துவிடும்.

இப்போது தேதி விஷயம். இதைக் கொஞ்சம் கூர்ந்து படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2024–25 கல்வியாண்டுக்கு யுஜிசி சொன்னபடி, செப்டம்பர் 30க்குள் சேர்க்கையை ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். எங்களுக்கு முடிவு வந்தது நவம்பரில். ஆகஸ்டிலேயே "14தான்" என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு வழிகள் இருந்தன. பழைய கல்லூரியில் மூன்றாம் வருடத்தைத் தொடர ஹாஸ்டல் பார்த்திருக்கலாம். இங்கேயே வேறு கல்லூரியில் கேட்டிருக்கலாம். நவம்பரில் பணமும் திரும்பாது, பழைய இடமும் இல்லை. அக்கா அன்று சாப்பிடவில்லை. பெண் ஒன்றுமே பேசாமல் மறுநாள் காலை பஸ் பாஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்விக் கடன் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி நிற்காது. இரண்டு வருடம் தள்ளிப்போனால் இரண்டு வருடக் கட்டணம், இரண்டு வருட வட்டி, இரண்டு வருடம் தாமதமான முதல் சம்பளம். தகப்பன் இல்லாத வீட்டில் இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன கனம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதங்களில் முதலாண்டு வகுப்பில் ஒரு பயிற்சி. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பத்துக் கட்டம், பென்சிலில் படிப்படியாக அடர்த்தி கூட்ட வேண்டும். 2022இல் செய்ததைத் திரும்பச் செய்தாள். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பென்சிலை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். கற்றுக்கொடுத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அதற்குக் கட்டணம் கட்டியது நாங்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசிக்காமல் இல்லை. முதலாண்டில் வெறும் பாடம் மட்டும் நடப்பதில்லை. வேறு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாஷை பேசப் பழகுகிறார்கள். யாருக்காகச் செய்கிறோம் என்று நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருவது, மரப்பட்டறை, உலோகப்பட்டறை, மாதிரி செய்து பார்த்து உடைத்துத் திரும்பச் செய்வது, இதெல்லாம் அவளுக்குப் புதிது. அவளே ஒத்துக்கொள்கிறாள். கே.ஆர். மார்க்கெட்டில் பூ கட்டும் பெண்களோடு மூன்று நாள் உட்கார்ந்து அவர்கள் கூடையைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாள். தமிழ் பேசுகிறவர்கள் அங்கே நிறையப் பேர், அதனால் இவளிடம் மனம் விட்டுப் பேசினார்கள். அந்த மாதிரிப் பாடத்தை விட்டுவிட்டுத் தாண்டிப்போக வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். எண்பதையும் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. 40 கொடுத்திருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். அச்சுக்கும் எழுத்துக்கும் வரைதலுக்கும் மட்டும் கொடுத்திருந்தால்கூட ஒரு செமஸ்டர் மிஞ்சியிருக்கும்.

ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜனவரியில் குமாரகிருபா ரோடு சித்ரசந்தைக்குப் போனோம். கர்நாடக சித்ரகலா பரிஷத் வருடா வருடம் நடத்துகிறதே, ரோடு முழுக்க ஓவியம் வைத்திருப்பார்கள். ஒரு சிநேகிதியின் கடை ஓரத்தில் தன் அல்சூர் ஏரி அச்சில் எட்டுப் பிரதி வைத்திருந்தாள். மத்தியானம் ஒரு பெரிய மனிதர் வந்து நின்றார். ஒரு பிரதியைக் கையில் எடுத்து வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். "ஒரே பிளாக்கா, மூன்று பிளாக்கா?" என்று கேட்டார். ஒன்றுதான் என்றாள். ஊசிக்குறியைக் கண்டுபிடித்துச் சிரித்தார். எங்கே படித்தாய் என்று கேட்டு, அந்த அரசுக் கல்லூரி அச்சுப்பட்டறையைப் பற்றிப் பத்து நிமிடம் விசாரித்தார். தானும் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் சொல்லித்தருவதாகச் சொல்லி, இரண்டு பிரதி வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு அந்த வேலையைத் தெரிந்துகொள்ள மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அவர் உங்களில் ஒருவர். அவரைப் போன்றவர்கள் உங்கள் ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார்கள். கமிட்டி மேசையில் அந்தக் கண்களை உட்காரவையுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். மாற்றலாகி வருகிறவர்கள் ஒரு வருடத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம். சம்பந்தப்பட்ட பாடம் நடத்தும் ஆசிரியர் இரண்டு பேர். பிள்ளை தன் வேலையையும் ஸ்கெட்ச் புத்தகத்தையும் கெட்டுப்போன பிரதிகளையும்கூடக் கொண்டுவரட்டும். கெட்டுப்போனதில்தான் கற்றது தெரியும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஸ்டுடியோவிலேயே இரண்டு நாள் உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, ஏன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு வரியை மறுக்க வேண்டுமானால் யாரிடம் போவது என்று ஒரு பெயரும் எழுதிக் கொடுங்கள். இவ்வளவும் கட்டணம் வாங்குவதற்கு முன்னால் நடக்கட்டும். முன்னால் முடியாது என்றால், திரும்பக் கொடுக்கும் கடைசித் தேதிக்குள்ளாவது. அதுவும் முடியாத வருடத்தில், முடிவு வந்த நாளிலிருந்து பதினைந்து நாள் வரை முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று சேர்க்கைப் படிவத்திலேயே அச்சிடுங்கள்.

இன்னொன்று, சின்னதுதான். அரசுக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் சில பகுதிகள் தமிழில் இருந்தன. நோட்டரி கையெழுத்தோடு மொழிபெயர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். கோயில் கோபுரத்தில் சுண்ணாம்புச் சாந்தில் செய்கிற "சுதைச் சிற்பம்" என்பதை நோட்டரி ஆபீஸில் இருந்தவர் "மட் டால்" என்று மொழிபெயர்த்தார். மண் பொம்மை! அதைப் படித்து யாராவது கிரெடிட் கொடுப்பார்களா? உங்கள் வளாகத்திலேயே தமிழ் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு பத்து நிமிடம் அவர்களைப் படிக்கச் சொன்னால் போதும்.

அக்கா மகள் இப்போது நான்காம் செமஸ்டரில் இருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள், ஆசிரியர்கள் அவளிடம் அன்பாக இருக்கிறார்கள். அவளுக்குப் போனது போகட்டும் என்று நான் சொல்லத் தயாரில்லை. 2022–23இல் அவள் சம்பாதித்த கிரெடிட்டின் ஏழு வருடம் இன்னும் முடியவில்லை. அந்த 66ஐத் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்று மூன்று கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. வரும் என்று இன்னும் காத்திருக்கிறோம்.

போன வாரம் ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா பிரஸ்ஸுக்கு வந்தார்கள். பையன் கோயம்புத்தூரில் ஒரு வருடம் ஓவியம் படித்திருக்கிறானாம், ஜூனில் இங்கே மாற்ற வேண்டுமாம். "அண்ணா, அந்த ஒரு வருஷம் கணக்குல வருமா?" என்று கேட்டார்கள். கையில் அவன் வரைந்த படங்களைச் சுருட்டி நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தார்கள். மேசையில் விரித்துப் பார்த்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட், மழை, குடைகள், கரியில் வரைந்தது. ரொம்ப நல்ல கை. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் படங்களை உங்களிடமும் ஒருமுறை விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். மே மாதம் வருவார்கள்.

நன்றியுடன்,
ஒரு மெஷின்மேன்,
அல்சூர், பெங்களூரு.